ரீமிக்ஸ் ஒட்டவில்லையா? கேம் இசையை ஆளுக்கொரு ஊரிலிருந்து பிராக் ராக் ஆக்கும்போது வரும் கோளாறுகளும் தீர்வுகளும்

பழைய டிவி கேம் பாட்டு ஒன்றை எடுத்து, ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்துகொண்டு அதை பிராக்ரஸிவ் ராக்காக (நீண்ட, தாளம் மாறிக்கொண்டே போகும் ராக் வகை, சுருக்கமாக பிராக்) மாற்ற இறங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். வடசேரியில் கிட்டார், குளச்சலில் பேஸ், மார்த்தாண்டத்தில் கீபோர்டு, குலசேகரத்தில் டிரம்ஸ் என்பது எங்கள் கூட்டம். குமரி மாவட்டம் சின்னதுதான், ஆனாலும் கல்யாண சீசனிலும் கொடை சீசனிலும் நாலு வாத்தியக்காரர்களை ஒரே அறையில் உட்கார வைப்பது நடக்காத காரியம். அதனால் ஆட்களுக்குப் பதில் கோப்புகள் பயணம் செய்கின்றன. கோளாறும் அந்தப் பயணத்தில்தான் ஏறிக்கொள்கிறது.

ஒட்டாத டேக்கைக் (ஒருமுறை வாசித்துப் பதிந்ததை) கேட்டதும் "தம்பிக்குத் தாளம் நிக்கல" என்று சொல்ல வாய் வரும். கொஞ்சம் பொறுங்கள். வாசித்தவரைச் சந்தேகிக்கும் முன் கோப்பைச் சந்தேகியுங்கள். அதற்கு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. வந்த டிராக்கை மூலத்தோடு வைத்து, பாட்டின் தொடக்கத்தில் எவ்வளவு தள்ளி நிற்கிறது, முடிவில் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் விலகல் ஒரே அளவா, கூடிக்கொண்டே போகிறதா, கூடுவதோடு சுருதியும் மாறியிருக்கிறதா? இந்த மூன்றும் மூன்று வேறு நோய்கள்.

தொடக்கத்தில் சரி, போகப்போக விலகுகிறது (சுருதி மாறவில்லை)

8-பிட் கேம் பாட்டில் இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: டெம்போவை (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற வேகத்தை) முழு எண்ணாக வைத்திருப்பீர்கள்.

ஃபேமிகாம் (நின்டெண்டோவின் பழைய டிவி கேம் பெட்டி) வகை இயந்திரத்தில் பாட்டை ஓட்டும் நிரல் டிவி திரையின் ஃபிரேமை எண்ணித்தான் நடக்கிறது. ஒரு பதினாறாம் நோட்டுக்கு 6 ஃபிரேம் என்றால் ஒரு பீட்டுக்கு 24 ஃபிரேம். அந்த இயந்திரம் வினாடிக்கு 60 ஃபிரேம் ஓட்டுவதாகச் சொல்வோம். உண்மையில் 60.0988. கணக்குப் போட்டால் டெம்போ 150 வராது, 150.247 வரும். காதுக்கு ரெண்டும் ஒன்றுதான். ஆனால் நீங்கள் மென்பொருளில் 150 என்று கிரிட் (தாளக் கட்டம்) போட்டு, கேம் ஆடியோவை அடியில் வைத்துக்கொண்டு வாசித்தால், ஒரு நிமிடம் முடிவதற்குள் கிட்டத்தட்ட பத்தில் ஒரு வினாடி தள்ளிப்போகும். 150 டெம்போவில் பதினாறாம் நோட்டின் நீளமே அவ்வளவுதான். நாலாவது நிமிடத்தில் ஒரு முழு பீட் காணாமல் போயிருக்கும். கிரிட்டைக் கேட்டு வாசித்த பேஸும், கேமைக் கேட்டு வாசித்த கிட்டாரும் ஒன்றையொன்று குறை சொல்லத் தொடங்கும் இடம் இது.

தீர்வு: டெம்போ பெட்டியில் தசமத்தோடு 150.247 என்றே போடுங்கள். ஒரு நோட்டுக்கு 7 ஃபிரேம் ஓடும் பாட்டு என்றால் 128.78, 5 ஃபிரேம் என்றால் 180.30. மூல ஆடியோவை மெலடி பிடிக்க மட்டும் கேட்டுவிட்டு மியூட் செய்யப் போகிறீர்கள் என்றால் இந்த வம்பே வேண்டாம். 150 என்றே வைத்துக்கொள்ளலாம், நாலு பேரும் அதையே வைத்தால் போதும்.

மூல ஆடியோ எதுவும் இல்லாமலே மெதுவாக விலகுகிறதா? யாரோ ஒருவர் போனில் பாட்டை ஓட்டி, இன்னொரு கருவியில் பதிந்திருப்பார். இரண்டு கருவியின் கடிகாரமும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக ஓடாது. ஏழு நிமிடப் பாட்டில் இருபது மில்லிசெகண்ட் போனாலும் ஆச்சரியமில்லை. ஓட்டுவதும் பதிவதும் ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸில் நடக்கட்டும்.

எப்போதும் ஒரே அளவு பிந்தி நிற்கிறது

இது நல்ல செய்தி. ஒருமுறை நகர்த்தி வைத்தால் சரியாகிவிடும். ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டால் அடுத்த டேக்கில் திரும்ப வராது.

25 மில்லிசெகண்ட் அளவில் இருந்தால், இடையில் யாரோ எம்பி3 ஆக்கியிருக்கிறார்கள். எம்பி3 ஆக்கும்போதும் திரும்ப விரிக்கும்போதும் கோப்பின் தலைமாட்டில் வெற்று சாம்பிள்கள் (ஒலியை நுணுக்கமாக வெட்டி அளந்த துண்டுகள்) சேரும். பரவலாகப் புழங்கும் லேம் என்கோடரில் அது 1105 சாம்பிள். அதற்கும் மேலே, நூறு இருநூறு மில்லிசெகண்ட் என்று போனால் புளூடூத் ஹெட்போன் போட்டு வாசித்திருக்கிறார்கள். கேட்டால் "இல்லியே" என்பார்கள். வயர் வைத்த ஹெட்போனோடு ஒரு டேக் அனுப்பச் சொல்லுங்கள், தெரிந்துவிடும். பத்து பதினைந்துக்குள் இருந்தால் இன்டர்ஃபேஸின் தாமதம். அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிளைச் சொருகி, கிளிக்கை ஓட்டி, அதையே பதிந்து, எத்தனை சாம்பிள் தள்ளி விழுகிறது என்று பார்த்து, அந்த எண்ணை மென்பொருளின் ரெக்கார்டிங் அமைப்பில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. வாசிக்கும்போது பஃபர் (கணினி ஒரே தடவையில் கையாளும் சாம்பிள் எண்ணிக்கை) 128-இல் இருக்கட்டும், மிக்ஸ் செய்யும்போது 1024-க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

கோப்பு அனுப்புவதில் ஒரு ஒழுங்கு வையுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ். எல்லா டிராக்கும் பாட்டின் பூஜ்ஜியத்தில் தொடங்கட்டும், சோலோ அஞ்சாவது நிமிடத்தில்தான் வருகிறது என்றாலும். ஏழு நிமிட மோனோ டிராக் 60 எம்பி சொச்சம் வரும். அதை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். வாய்ஸ் நோட்டாக வந்த கிட்டார் டேக்கை யோசனை கேட்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மிக்ஸில் ஏற்றாதீர்கள்.

வேகமும் சுருதியும் சேர்ந்தே தப்பு

ஒன்றரை செமிடோன் இறங்கி, நாலு நிமிடப் பாட்டு இருபது வினாடி நீண்டிருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை 44.1 என்று எண்ணித் திறந்திருக்கிறது மென்பொருள். ஏறியிருந்தால் நேர்மாறு. பிட்ச் ஷிஃப்ட் போட்டு ஒட்டுப்போடாதீர்கள். கோப்பைத் தூக்கிவிட்டு, புராஜெக்ட்டின் சாம்பிள் ரேட்டைச் சரியாக்கி, மறுபடி உள்ளே கொண்டுவாருங்கள்.

"நான் விளையாடினப்போ இது இவ்வளவு வேகமா இருக்கலியே"

இதைச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் நம் வீடுகளில் கேசட் சொருகி விளையாடியது ஃபேமிகாமின் நகல் பெட்டிகளில். நம் டிவி அப்போது பால் (PAL) ஒளிபரப்பு முறை, வினாடிக்கு 50. வினாடிக்கு 60-க்கு எழுதிய பாட்டை மாற்றாமல் 50-இல் ஓட்டினால் வேகம் ஆறில் ஐந்து பங்காகும். 150 ஓட வேண்டியது 125-இல் ஓடும். அந்த நகல் பெட்டிகள் பலவற்றில் சுருதி மட்டும் பெரிதாக இறங்காது, ஏனென்றால் சிப்பின் கடிகாரத்தை மூலத்துக்குப் பக்கமாக வைத்திருந்தார்கள். ஆக, சிறுவயதில் காதில் ஏறியது அதே சுரம், ஆனால் நிதானமான நடை.

எந்த வேகம் என்று பதிவைத் தொடங்கும் முன் முடிவு செய்யுங்கள். என் ஓட்டு 125-க்கு. டிஸ்டார்ஷன் கிட்டாரும் ஹாம்மண்ட் ஆர்கனும் சேர்ந்து பதினாறாம் நோட்டில் ஓட வேண்டிய இடத்தில் 150 என்பது மூச்சு வாங்கும் வேகம். அதோடு, 125-இல் கேட்டதும் நம் ஊர்க்காரன் முகம் மலரும். பிறந்ததிலிருந்து அசல் வேகத்தைக் கேட்ட ஜப்பான்காரர் "ஏன் இவ்வளவு மெதுவா?" என்று கேட்கலாம், கேட்கட்டும்.

மிடி கோப்பைத் (ஒலிக்குப் பதில் நோட்டுகளை எழுதிவைக்கும் கோப்பு) திறந்தால் மணலைக் கொட்டியதுபோல் நோட்டு

ஃபேமிகாமின் ஒலிச் சிப்பில் மெலடிக்கு இரண்டு பல்ஸ் சேனல், பேஸுக்கு ஒரு டிரையாங்கிள், தாளத்துக்கு ஒரு நாய்ஸ், பதிந்த ஒலித் துணுக்குக்கு ஒன்று. அவ்வளவுதான். மூன்று சுரக் கார்டு வேண்டுமென்றால் இடம் கிடையாது. அதனால் ஒரே சேனலில் மூன்று சுரத்தையும் ஃபிரேமுக்கு ஒன்றாக, வினாடிக்கு 60 தடவை மாற்றி மாற்றி அடிப்பார்கள். காது அதைக் கார்டாகக் கூட்டிக்கொள்ளும். மிடியாக மாற்றும் கருவிக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை, ஒவ்வொன்றையும் தனி நோட்டாக எழுதித் தள்ளும். அந்த மணலைப் பார்த்துவிட்டு ஷ்ரெட்டிங் கிட்டாருக்கு எழுதியதாக நினைத்து விரலை ஒடித்துக்கொள்ள வேண்டாம். எந்த மூன்று சுரம் சுழல்கிறது என்று பாருங்கள். அது ஏ மைனர் என்றால் ஏ மைனர் என்று எழுதிவிட்டு மிச்சத்தை அழியுங்கள். அந்தத் துடிப்பு வேண்டுமென்றால் கீபோர்டில் பதினாறாம் நோட்டு ஆர்பெஜியோவாகப் பிரித்துக் கொடுங்கள்.

மெலடியில் நடுநடுவே ஓட்டை விழுகிறதா? யாரோ விளையாடும் வீடியோவிலிருந்து பாட்டை எடுத்திருக்கிறீர்கள். குண்டு வெடிக்கும் ஓசைக்கும் குதிக்கும் ஓசைக்கும் அதே சேனல்தான் இடம் கொடுக்க வேண்டும், அந்த நேரத்துக்குப் பாட்டு ஒதுங்கிப்போகும். என்எஸ்எஃப் (கேமின் இசை நிரலை மட்டும் பிரித்தெடுத்த) கோப்பாக ஓட்டி, சேனல் சேனலாக மியூட் செய்து கேளுங்கள். இரண்டாவது பல்ஸில் ஒளிந்திருக்கும் எதிர்மெலடி அப்போதுதான் தெரியும். அதுதான் பிராக்குக்குத் தீனி.

உச்சஸ்தாயியில் கிட்டாரும் சிப் ஒலியும் சேர்ந்தால் புளிக்கிறது

கிட்டாரை மறுபடி மறுபடி ட்யூன் செய்து பலனில்லை. பல்ஸ் சேனலின் அதிர்வெண் ஒரு முழு எண்ணால் வகுத்து வருவது. கீழே இருக்கும் சுரங்களில் அந்த எண் பெரியது, அதனால் பிசகு தெரியாது. நடு ஏ 440-க்குப் பதில் 440.4 வரும், யார் காதுக்கும் எட்டாது. அதே ஏ இரண்டு ஸ்தாயி மேலே போனால் 1760 வர வேண்டும். சிப்பால் கொடுக்க முடிவது 1748 அல்லது 1776. அதாவது 12 சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறக்கம் அல்லது 15 சென்ட் ஏற்றம். நீட்டிப் பிடித்த சுரத்தில் கிட்டாரோடு சேரும்போது இது அப்படியே அலையடிக்கும். இரண்டும் ஒன்றாக வரும் வரியை ஒரு ஸ்தாயி கீழே இறக்குங்கள், அல்லது மேலே கிட்டாருக்கு மட்டும் விட்டுக்கொடுங்கள். சிப் ஒலியை ஆட்டோட்யூன் செய்வது எனக்குப் பிடிக்காது. அந்தப் புளிப்பு ஒரு ஓரத்தில் கொஞ்சம் இருந்தால்தான் கேம் வாசம் வரும்.

ஏழில் எல்லாரும் கழன்றுபோகிறார்கள்

நாலுக்கு நாலில் இருந்த பாஸ் (பெரிய வில்லன்) சண்டைப் பாட்டை 7/8-க்கு மாற்றுவது பிராக் ஆட்கள் முதலில் செய்யும் சேட்டை. ஒரு பாரில் (தாளத்தின் ஒரு சுற்றில்) ஒரு எட்டாம் நோட்டை உருவிவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். பிறகு டிராக்குகள் வரும். பார் முடிவில் எல்லாரும் சேர்ந்து இறங்குகிறார்கள், நடுவில் மட்டும் கூச்சல்.

எங்கள் டிரம்மர் தம்பி திருவிழாக்களில் சிங்காரி மேளம் அடிப்பவன். எண்ணிக்கை தவறும் கையில்லை. "அண்ணே, நான் சரியாத்தான் அடிச்சேன். கிளிக்குதான் ஒரு பார் விட்டு ஒரு பார் எதிர்ல விழுது" என்றான். அவன் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. புராஜெக்ட் 4/4-இலேயே கிடந்தது. கிளிக் கால் நோட்டுக்கு ஒன்று அடிக்கும்போது, ஏழு எட்டாம் நோட்டுள்ள முதல் பாரில் அது தட்டில் விழும், அடுத்த பாரில் தட்டுக்கு எதிரே விழும், மூன்றாவதில் திரும்பவும் தட்டில். அதைக் காதில் மாட்டிக்கொண்டு வாசிப்பது தண்டனை. பார் வகையை 7/8 என்று மாற்றினால் பாதி சரியாகும்.

மறுபாதி உள்ளே இருக்கிறது. ஏழு என்றால் எந்த ஏழு? வடசேரி கிட்டார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன வரி) 2+2+3 என்று போகிறது: தக தக தகிட. மார்த்தாண்டத்துக்காரருக்குச் சின்ன வயதில் கொஞ்சம் கர்நாடக சங்கீதப் பழக்கம். அவர் கைக்கு ஏழு என்றால் மிஸ்ர சாபு: தகிட தகதிமி, 3+4. இரண்டுமே ஏழுதான். ஆனால் ஒருவருக்கு மூன்றாம் எட்டில் அழுத்தம், இன்னொருவருக்கு நாலாம் எட்டில். அந்த ஓர் எட்டு இடைவெளியில்தான் கூச்சல்.

இதற்கு நோட்டேஷன் எழுதி அனுப்புவதைவிட வேகமான வழி, ரிஃப்பை வாயால் சொல்லிப் பதிந்து எல்லாருக்கும் அனுப்புவது. "மக்கா, இந்த இடம் தக தக தகிட, மறந்துராத" என்று ஒரு வாய்ஸ் நோட். வாய்ஸ் நோட் உருப்படியாகப் பயன்படும் இடம் இதுதான். அடுத்து, மென்பொருள் தரும் கிளிக்கை அணைத்துவிட்டு நீங்களே ஒரு கிளிக் டிராக் செய்யுங்கள்: 1, 3, 5-இல் மரக்கட்டை ஒலி, மற்ற எட்டுகளில் மெல்லிய ஹை-ஹாட். அதை வேவ் கோப்பாக, டெம்போ மேப்போடு சேர்த்து நாலு பேருக்கும் கொடுங்கள். எந்த ஏழு என்ற சண்டை அத்தோடு ஓயும்.

நாலிலிருந்து ஏழுக்குத் தாவும் சந்தியில் மட்டும் தடுக்குகிறதா? அந்த இடத்தில் டிரம் ஃபில் போடாதீர்கள். டிரம்மர்களுக்கு இது கசக்கும், தெரியும். கேட்பவனுக்குப் புது நடை பிடிபட இரண்டு பார் வேண்டும். ஃபில்லை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

டிரம்ஸ் நாலிலேயே போக, கிட்டார் மட்டும் ஏழில் சுற்றும் விளையாட்டு இன்னும் அழகு. ஆனால் பகுதி முடியும் இடத்தில் கிட்டார் ரிஃப் நடுவில் அறுந்து தொங்கும். எட்டு பார் 4/4 என்றால் 64 எட்டாம் நோட்டு. ஏழால் வகுத்தால் ஒன்பது சுற்று போக ஒன்று மிச்சம். கடைசி பாரை மட்டும் 7/8 ஆக்குங்கள். 63 வரும், ஒன்பது சுற்றும் முழுசாக முடிந்து இருவரும் ஒன்றாக வந்து விழுவார்கள். கேட்பவர் யாரும் அந்த உருவலைக் கண்டுபிடிக்க மாட்டார்கள், ஆனால் இறங்கும் இடத்தில் ஒரு சின்ன உந்தல் கிடைக்கும்.

அடிப்பகுதி சேறாகக் குழம்புகிறது

ஈக்யூவைத் திருகும் முன் கீபோர்டு டிராக்கைத் தனியாகக் கேளுங்கள். குமரியில் நல்ல கீபோர்டு கைகள் பெரும்பாலும் சர்ச்சில் பழகியவை. ஞாயிறு ஆராதனையில் பாட்டுக்குழுவுக்குப் பின்னால் பேஸ் கிட்டார் இல்லாமல் ஒற்றை ஆளாய் நிற்கும்போது இடது கைதான் பேஸ். அந்தக் கை இங்கேயும் சும்மா இருக்காது. பேஸ் கிட்டாரின் கீழ் இ 41 ஹெர்ட்ஸ், கிட்டாரின் கீழ் இ 82. அங்கேயே ஆர்கனின் இடது கையும் புகுந்தால் யார் எதை வாசிக்கிறார் என்றே தெரியாது. "அண்ணே, இடது கையை நடு சி-க்கு மேல வச்சுக்கோங்க" என்று கேட்டுப் பாருங்கள். மனம் வராவிட்டால் ஒரு பகுதியில் பேஸ் கிட்டாரை நிறுத்திவிட்டு முழுசாக அவருக்கே விடுங்கள். பிராக்கில் அதற்கு இடம் உண்டு. மிச்சத்துக்கு, கிட்டார்களில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ் போட்டால் போதும்.

எல்லாம் சரியாக ஒட்டுகிறது, ஆனாலும் சலிக்கிறது

எந்தக் கருவியும் காட்டாத கோளாறு. கேம் பாட்டு ஒரு வட்டம். ஒரு நிமிடம் ஓடித் திரும்ப முதலுக்கு வரும், ஏனென்றால் விளையாடுபவன் எப்போது ஜெயிப்பான் என்று பாட்டுக்குத் தெரியாது. அதே வட்டத்தை டிஸ்டார்ஷனோடு ஏழு தடவை ஓட்டினால் அது நீளமான கவர், அவ்வளவுதான்.

கேம் இசைக்குள் பிராக் ஏற்கெனவே இருக்கிறது. ஃபைனல் ஃபேன்டஸி கேம்களின் இசையமைப்பாளர் நொபுவோ உவேமட்சு, எமர்சன், லேக் அண்ட் பாமர் என்ற பிராக் குழுவின் ரசிகர். அவர் இசையை ராக்காக வாசித்த பிளாக் மேஜஸ் குழுவின் முதல் ஆல்பம் 2003-இல் வந்தது. இன்னொரு கேம் இசையமைப்பாளர் மோட்டோய் சாகுராபா கேம் இசைக்கு வருமுன் பிராக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். ஆகவே வெளியிலிருந்து கோணல் தாளத்தைத் திணிப்பதைவிட உள்ளே இருப்பதை வளருங்கள். டிரையாங்கிள் பேஸில் ஒரு நாலு சுரத் துணுக்கை எடுத்து, இரண்டு மடங்கு மெதுவாக்கி, அதன்மேல் அமைதியான நடுப்பகுதி கட்டுங்கள். வில்லுப்பாட்டுக் குடமும் உடுக்கையும் பதிந்து தர ஆள் கிடைத்தால் அந்த நடுப்பகுதியில் டிரம்ஸை நிறுத்திவிட்டு அதை விடுங்கள். தெற்கே இருந்து வந்த ரீமிக்ஸ் என்று யாரும் சொல்லாமலே தெரியும். மூல மெலடி முழுசாக ஒரே ஒரு தடவை, கடைசியில், வேறு சுருதியில் வந்தால் போதும்.

பின்னணியில் இரைச்சல்

உம்மென்ற ஓசை என்றால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு டேக் எடுங்கள். நின்றுவிட்டால் எர்த் கோளாறாக இருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மழைக்கு இங்கே இரண்டு சீசன், தகரக் கூரை என்றால் மைக் வேலையை மறந்துவிட்டு கிட்டாரை நேராக இன்டர்ஃபேஸில் சொருகிப் பதிந்து, ஆம்ப் ஒலியை அப்புறம் சேர்த்துக்கொள்ளுங்கள். கொடைக்கும் திருவிழாவுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டால் குடம், உடுக்கை, குரல் எதுவும் பதிய முடியாது. தேதி கேட்டு வைத்துக்கொள்வதுதான் வழி. குளச்சல் மாதிரிக் கடலோரத்தில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், மந்தமான பேஸ் ஒலிக்கு முதல் சந்தேகம் அங்கே.

புராஜெக்ட்டைத் திறந்தால் பாதி வாத்தியம் ஊமை

உங்களிடம் இல்லாத பிளகின் (மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்). புராஜெக்ட் கோப்பைக் கைமாற்றாதீர்கள், வேவ் டிராக் மட்டும் மாற்றுங்கள். புராஜெக்ட் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். கோப்பின் பெயரில் தேதி போடுங்கள். "ஃபைனல்" என்ற சொல்லுக்கு எங்கள் கூட்டத்தில் தடை.

ஏற்றிய மறுநாள் காப்புரிமை நோட்டீஸ்

வாசிப்பு உங்களுடையது, மெலடி உங்களுடையதல்ல. அது பெரும்பாலும் கேம் நிறுவனத்தின் சொத்து. எவ்வளவு மாற்றி வாசித்தாலும் இது மாறாது. யூடியூபில் உரிமைகோரல் வந்தால் பல நேரம் வீடியோ அப்படியே இருக்கும், விளம்பரக் காசு மட்டும் அவர்களுக்குப் போகும். அதை எதிர்த்து வாதாட உங்களிடம் ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள். காசுக்கு விற்பதென்றால் உரிமம் வாங்க வேண்டும். குறிப்பில் கேமின் பெயரும் மூல இசையமைப்பாளர் பெயரும் முதலில் வரட்டும். அதன்கீழே நாலு பேர் பெயரும், யார் என்ன வாசித்தார் என்பதோடு. குடம் அடித்துத் தந்தவர் பெயரையும் சேர்த்துத்தான்.